மைக்கில் கொடுத்த கார்

ஜேர்மன் காரோ பார்க்கிறீங்கள், தம்பி?

குறை நினைக்காதையுங்கோ. எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தால் கண்ணில் படும்தானே. நீங்கள் பேர்ணில் ரயில் ஏறும்போது தமிழ் என்று எனக்குத் தெரியாது. போனில் அந்தக் கார்ப் படத்தில் இருந்த நம்பர் தட்டை விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தீங்கள் பாருங்கோ, எட்டு வந்ததும் அடுத்த படத்துக்குத் தாவினீங்கள், அப்போதுதான் தெரிந்தது. அந்தத் தட்டு எப்படியும் எல்லை தாண்டினால் கழற்றி எறிகிற தட்டு. அதைக் கூட்டி என்ன செய்யப் போறீங்கள்? நானும் கூட்டினேன். எங்களுக்கு ஆறு வந்தது. ஆறு சுக்கிரன், வாகன யோகம் என்று மனைவி சொன்னா. யோகம் இருந்தது உண்மை. யாருக்கு என்றுதான் பார்க்காமல் விட்டேன்.

லொசான் மட்டும்தானே போறீங்கள்? நானும் அங்கேதான். அப்போ நேரம் இருக்கு. கேளுங்கோ. பக்கத்து நாட்டிலிருந்து பாவிச்ச கார் கொண்டுவருவது பற்றி இந்தச் சுவிசில் என்னைப்போல் விபரம் தெரிந்த ஆள் இல்லை. படித்துத் தெரிந்த விபரம் இல்லை. பட்டுத் தெரிந்தது.

என் பெயர் குணநாயகம். லொசானில் முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் சமையல் வேலை. ஊர்ச் சங்கத்தில் உபதலைவர். தலைவர் பதவிக்கு ஆட்கள் அடிபடுவார்கள். உபதலைவர் பதவிக்கு ஒருவரும் வருவதில்லை. அதனால் எனக்கு அது நிரந்தரம். கூட்டங்களில் பேசவும் கூப்பிடுவார்கள். எனக்கு ஒரு தலைப்புத்தான் நன்றாக வரும்: சீதனம் ஒழியவேண்டும். இன்றைக்கும் பேர்ணில் அதைத்தான் பேசிவிட்டு வருகிறேன். ஆண்டு விழா. நல்ல கைதட்டல். பிறகு கொத்துரொட்டி.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், காருக்கும் அந்தப் பேச்சுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதை முதலே சொல்லிவிட வேண்டும். பிறகு நீங்கள் பிழையாக விளங்கிக்கொள்ளக் கூடாது.

எனக்கு ஒரே மகன். நிரோஜன். பெண்ணை அவனே பார்த்துக்கொண்டான். யாரோ சிநேகிதனின் கலியாணத்தில் கண்டு பழக்கம். பெயர் ஆரணி. ஜேர்மனியில் ஸ்ருட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஊர், ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. மெல்லிய பிள்ளை, சத்தமாக ஒரு சொல் வராது. தகப்பன் குலசிங்கம் அங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். பெண் கேட்டு நானும் மனைவி மலரும் மகனுமாகப் போனோம்.

குலசிங்கம் கடைக்காரர் என்றாலும் நேரே வந்தார்.

"சம்மந்தி, நாங்கள் என்ன செய்யவேணும் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால்…"

"ஒண்டும் வேண்டாம்" என்றேன். "என்ர கொள்கை எல்லாருக்கும் தெரியும். பிள்ளையைத் தாங்கோ, அது காணும்."

அறையில் எல்லாருக்கும் ஒரு நிம்மதி. தேத்தண்ணி வந்தது. அதற்குப் பிறகு பொதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தோம். வேலை, குளிர், மழை. எதில் வந்தீங்கள் என்று கேட்டார். ரயிலில் என்றேன். ஏன் காரில் வரவில்லை என்றார். கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டுமே.

"எங்கட கார் கிழடு. மழையைக் கண்டால் ஸ்டார்ட் எடுக்காது. இவவுக்கும் முழங்கால் வருத்தம், காலை நீட்டி இருக்கேலாது. என்ன இருந்தாலும் கார் எண்டால் ஜேர்மன் கார்தான், என்ன சம்மந்தி? எங்களுக்கு என்னத்துக்கு அதெல்லாம். இருக்கிறதோட ஓடட்டும்."

இவ்வளவுதான் சொன்னேன். காலநிலையைப் பற்றிக் கதைக்கும்போது மழையைப் பற்றிச் சொல்லாமல் என்ன செய்வது?

திரும்பி வரும்போது ரயிலில் மலர் கேட்டா. "ஏன் கார்க் கதை எடுத்தனீங்கள்?"

"நான் எங்கை கார்க் கதை எடுத்தனான்? மழைக் கதை."

"உங்கட மழை எந்த வளவுக்குள்ள பெய்யுது எண்டு எனக்குத் தெரியும்" என்றுவிட்டு யன்னல் பக்கம் திரும்பிவிட்டா. அவ அப்படித்தான். குறைவாகக் கதைப்பா. கதைத்தால் அன்றைய சாப்பாடு இறங்காது.

கொஞ்ச நாளில் குலசிங்கம் போன் எடுத்தார்.

"சம்மந்தி, ஒரு பென்ஸ் பாத்திருக்கிறன். பாவிச்சதுதான். ஓய்வெடுத்த ஒரு வாத்தியார் வச்சிருந்தவர். சேர்ச்சுக்கும் கடைக்கும் தவிர வேறை எங்கையும் ஓடேல்லையாம்."

"என்னத்துக்குச் சம்மந்தி இதெல்லாம்? எனக்கு இது துண்டறப் பிடிக்காது."

"எங்கட சந்தோசத்துக்கு, சம்மந்தி."

"என்ன நிறம்?"

"சாம்பல்."

சாம்பல் நல்ல நிறம், தம்பி. ஊத்தை தெரியாது.

குலசிங்கத்தின் மூளை கடைக்கார மூளை. விபரம் எல்லாம் விசாரித்து வைத்திருந்தார். காரை நான் வாங்கினதாகக் கொண்டுவந்தால் எல்லையில் வரி. அதே காரை ஆரணி தன் பேரில் பதிந்து, தானே அரை வருசமாவது ஓடி, பிறகு கலியாணம் முடித்துக் குடிவரும்போது தன் வீட்டுச் சாமான்களோடு கொண்டுவந்தால் வரி இல்லை. பதிவுக் கலியாணத்துக்கும் மண்டபக் கலியாணத்துக்கும் இடையில் அந்தளவு காலம் இருந்தது. "எல்லையைத் தாண்டின பிறகு உங்கட பேருக்கு மாத்திப்போட்டு ஓடுங்கோ. பிள்ளை ஒண்டும் சொல்லாது" என்றார். பிள்ளையிடம் அவர் கேட்டாரோ தெரியாது. நானும் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

அந்த அரை வருசமும் நான் இருந்த இருப்பை வெளியில் சொல்லக்கூடாது. மகனிடம் படம் கேட்பேன். அவன் ஆரணியின் படம் அனுப்புவான். "தள்ளி நிண்டு எடுக்கச் சொல்லு, பின்னுக்கு நிக்கிறது வடிவாத் தெரியேல்லை" என்பேன். குசினியில் கூட வேலை செய்கிற போர்த்துக்கீசனுக்குப் படத்தைக் காட்டினேன். இது உன் காரோ என்று கேட்டான். வருகுது என்றேன். கிழமைக்கு ஒருமுறை கேட்பான், எங்கே வரைக்கும் வந்திட்டுது என்று. கப்பலில் வருகுதாக்கும் என்று நினைத்திருப்பான்.

புதுக்கார் வருகிற துணிவில் என் கிழட்டு ரொயோட்டாவை வித்தேன். ஆபிரிக்காவுக்குக் கார் ஏற்றுகிற ஒருவர் வந்தார். அன்றைக்கு நல்ல மழை. ஸ்டார்ட் எடுக்காது என்று நான் முதலே சொல்லிவிட்டேன். திறப்பைப் போட்டுத் திருப்பினார். ஒரே திருப்பில் எடுத்தது. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனார். அது இப்போதும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும்.

கலியாணம் ஜேர்மனியில், பெரிய மண்டபம். எங்கள் சங்கத்து ஆட்கள் ஒரு பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அங்கேதான் பிரச்சினை. கார்த் திறப்பைத் தட்டத்தில் வைத்து மேடையில் தரப்போகிறேன் என்று குலசிங்கம் நிற்கிறார். அது அவருடைய சந்தோசம், நாலு பேர் பார்க்கவேண்டும். எனக்கோ சங்கத்து ஆட்கள் பார்க்கக்கூடாது. உள்ளுக்குத் தாங்கோ என்றால் மனுசன் கேட்கவில்லை. சரி, தாங்கோ, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

பேச்சுப் பழகினவனுக்கு மேடை பயமில்லை, தம்பி. தட்டத்தோடு அவர் வந்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், நடுவில் திறப்பு. நான் இரண்டு கையாலும் தட்டத்தைத் தள்ளினேன். அறிவிப்பாளரிடம் மைக்கை வாங்கினேன். "இந்தக் கார் எனக்கு வேண்டாம். இது என் மருமகளுக்கு உரியது. இதில் எனக்கோ என் மகனுக்கோ எந்த உரிமையும் இல்லை. இது சபையறியச் சொல்லும் வார்த்தை" என்றேன். மண்டபம் எழும்பித் தட்டியது. சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்தார்.

வீடியோக்காரப் பொடியன் ஓடிவந்தான். "ஐயா, லைற் காணாது. இன்னொருக்காச் சொல்லுங்கோ."

இரண்டாம் முறை இன்னும் வடிவாகச் சொன்னேன். கையை நெஞ்சில் வைத்தேன். "எந்த உரிமையும்" என்ற இடத்தில் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. அது தானாக வந்தது. ஆரணி வந்து திறப்பை எடுத்துக்கொண்டு என் காலில் விழுந்து கும்பிட்டாள். பிறகு மண்டப வாசலில் வைத்து, "காரை ஒருக்காப் பாக்கட்டோ பிள்ளை?" என்று கேட்டேன். திறப்பைத் தந்தாள். அதை என் வேட்டி மடிப்பில் செருகினேன். பிறகு காற்சட்டைப் பைக்கு மாறியது. திருப்பிக் கேட்கவில்லை அவள்.

திங்கட்கிழமை புறப்பட்டோம். ஞாயிற்றுக்கிழமை போயிருக்கலாம், ஆனால் குடிவருகிற சாமானைச் சுங்கத்தில் வேலை நாளில்தான் காட்டவேண்டும். திங்கள் காலை ராகு காலம். அது போகட்டும் என்று மலர் கதிரையில் இருந்துவிட்டா. ராகு போனபிறகு நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்தோம். நசிந்த சத்தம் நாலும் கேட்டது. ஓட்டுகிற இடத்தில் நான். பக்கத்தில் நிரோஜன். பின்னால் மலரும் ஆரணியும், அவர்களுக்கு நடுவில் ரைஸ் குக்கர். பெட்டியெல்லாம் பின்னுக்கு.

"மாமா, எல்லையில மட்டும் நான் ஓடட்டோ?" என்று ஆரணி கேட்டாள்.

"ஏன் பிள்ளை? நான் லைசென்ஸ் எடுத்தது நீ பிறக்க முதல்."

அவள் பெல்ட்டை இழுத்துப் பூட்டினாள். சொன்னேனே, மெல்லிய பிள்ளை.

எல்லை பாசலில். எங்கள் பக்கம் பிரெஞ்சு, பாசல் பக்கம் டொச்சு, அதுதான் ஜேர்மன் பாஷை. எனக்கு இருக்கிற பிரெஞ்சே உருளைக்கிழங்கு உரிக்கிற பிரெஞ்சு. டொச்சில் காலை வணக்கம் தெரியும், அது பின்னேரத்துக்கு உதவாது. சுங்க அதிகாரி இளம் பொடியன், செம்பட்டைத் தாடி. குனிந்து ஏதோ கேட்டான்.

"கார் ஆரின்ர எண்டு கேக்கிறார்" என்றான் நிரோஜன்.

தம்பி, சொல்லவேண்டிய பதில் எனக்குத் தெரியும். குலசிங்கம் சொல்லித் தந்தவர், நிரோஜன் சொல்லித் தந்தவன், வழியெல்லாம் நானே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது. ஆனால் பென்ஸ் ஸ்டியரிங் கையில் இருக்கும்போது ஒருவன் வந்து இது ஆருடைய கார் என்று கேட்டால் என்ன செய்வது? வாழ்க்கையில் முதல்தரம் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கிறார்கள். ரொயோட்டாவை ஒருத்தனும் கேட்டதில்லை. கையை நெஞ்சில் வைத்தேன். "என்ர கார்" என்று பிரெஞ்சில் சொன்னேன்.

அதே நேரம் பின்னாலிருந்து ஆரணி டொச்சில் சொன்னாள். டொச்சு தெரியாத எனக்கே விளங்கியது. அவளும் அதைத்தான் சொன்னாள்.

ஒரு கார், இரண்டு சொந்தக்காரர். செம்பட்டைத் தாடி என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். காரை ஓரமாக விடச் சொன்னான். எல்லாரும் உள்ளே போனோம்.

மேசை, கதிரை, சுவரில் மலைப்படம். அவனுக்குப் பிரெஞ்சு எனக்கு டொச்சு வருகிற அளவுக்குத்தான் வந்தது. ஆரணி மொழிபெயர்த்தாள். நிரோஜன் சுவரோடு சாய்ந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பயந்துவிட்டான் என்று நினைத்தேன்.

"மாமா, கார் உங்கடை எண்டால் அதை அப்பா ஏன் உங்களுக்குத் தந்தவர் எண்டு கேக்கிறார்."

"அன்பளிப்பு எண்டு சொல்லு."

அவள் சொன்னாள். அவன் இரண்டு சொல் சொன்னான்.

"கலியாணம் கட்டினது நானும் நிரோவும். அன்பளிப்பு ஏன் உங்களிட்டை வந்தது எண்டு கேக்கிறார்."

பாருங்கோ, அவன் இரண்டு சொல்தான் சொல்வான், இவளுக்கு அது முழு வசனமாக வரும். சுருக்கமான பாஷை போலிருக்கிறது.

"அது எங்கட ஆக்களின்ர வழக்கம் எண்டு சொல்லு பிள்ளை."

"என்ன வழக்கம் எண்டு கேக்கிறார்."

"பொம்பிளை வீட்டாக்கள் மனம் விரும்பிச் செய்யிறது."

"மாப்பிளை வீட்டாக்கள் விரும்பிச் செய்யிற வழக்கமும் இருக்கோ எண்டு கேக்கிறார்."

 இப்படி ஒரு சுங்க அதிகாரியை நான் கேள்விப்பட்டதில்லை. பொதுவாக இவர்கள் இறைச்சி இருக்கோ, சிகரெட் இருக்கோ என்று கேட்டுவிட்டு விடுகிற ஆட்கள்.

"அந்த வழக்கத்துக்குப் பேர் ஏதும் இருக்கோ எண்டு கேக்கிறார், மாமா."

ஒரு அரசாங்கக் கந்தோரில், என் பேர் பதிந்திருக்கிற இடத்தில், அந்தச் சொல்லை என் வாயால் சொல்ல நான் ஆயத்தமில்லை. எத்தனை மேடையில் எதிர்த்துப் பேசின சொல் அது. நான் மலைப்படத்தைப் பார்த்தேன்.

அதுவரை முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த மலர் வாயைத் திறந்தா.

"பேர் இருக்கு பிள்ளை. எனக்கு என்ர அப்பா தந்த வீட்டுக்கும் அதுதான் பேர். அந்த வீட்டை வித்து ஏஜென்சிக்குக் குடுத்துத்தான் இவர் இஞ்சை வந்தவர். அதையும் அவருக்குச் சொல்லு."

அது வேறை கதை, தம்பி. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் வந்தோம். நாட்டு நிலைமை. விற்காமல் வைத்திருந்தாலும் சண்டையில் செல் விழுந்து உடைந்திருக்கும். விழவில்லை. இப்போதும் நிற்கிறது, முன்னுக்கு அந்த வேம்பும் நிற்குதாம், யாரோ இருக்கினம். அதை விடுங்கோ.

ஆரணி அதை மொழிபெயர்க்கவில்லை. மாமியின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். செம்பட்டைத் தாடி பேனையை மேசையில் தட்டிக்கொண்டு பார்த்தான். பிறகு அவள் தன் போனை எடுத்து மேசையில் வைத்தாள்.

வீடியோ. என் குரல்தான். "இந்தக் கார் எனக்கு வேண்டாம்." மண்டபத்தில் கேட்டதைவிட அந்தச் சின்ன அறையில் பெரிதாகக் கேட்டது. அவனுக்குத் தமிழ் விளங்காது. ஆனால் ஒரு வேட்டி கட்டின மனுசன் திறப்புத் தட்டத்தை இரண்டு கையாலும் தள்ளுவது விளங்கும். மருமகள் எடுப்பது விளங்கும். சனம் தட்டுவது விளங்கும். முடிந்ததென்று நினைத்தேன், லைற் காணாதென்று எடுத்த இரண்டாவதும் தொடங்கியது. கை நெஞ்சில். குரல் தழுதழுக்குது. என்னையறியாமல், நல்லாத்தான் பேசியிருக்கிறேன் என்று ஒரு நினைப்பு வந்தது. உண்மையைச் சொல்கிறேன்.

"இதில நிக்கிறது நீங்களோ எண்டு கேக்கிறார்."

"ஓம்."

"அப்ப கார் ஆரின்ர, மாமா?"

இந்தமுறை 'எண்டு கேக்கிறார்' என்று அவள் சொல்லவில்லை. அவசரத்தில் விட்டிருப்பாள்.

"மருமகளின்ர" என்றேன். கை தானாக நெஞ்சுக்குப் போனது.

முத்திரை குத்தினான். வரி இல்லை. ஆனால் ஒரு வருசத்துக்குக் கார் அவளிடமே இருக்கவேண்டும், விற்கவோ வேறு ஆளின் பேருக்கு மாற்றவோ ஏலாது. அது அவன் உண்மையாகவே சொன்னது. நிரோஜனும் சொன்னான். வாசல்வரை வந்து எனக்குக் கைதந்தான் அந்தப் பொடியன்.

"நீங்கள் நல்ல மனுசன் எண்டு சொல்லுறார், மாமா" என்றாள் ஆரணி. பிறகு கையை நீட்டினாள். "திறப்பு."

கொடுத்தேன்.

"நீங்கள் பின்னுக்கு இருங்கோ. மாமி முன்னுக்கு வரட்டும். முழங்கால் நீட்ட இடம் வேணும் எண்டு நீங்கள் அப்பாட்டைச் சொன்னனீங்கள்தானே."

அது அவளுக்கு எப்படித் தெரியும்? தேத்தண்ணி கொண்டுவந்தது அவள்தான்.

பின்னால் நானும் நிரோஜனும், நடுவில் ரைஸ் குக்கர். கொஞ்சத் தூரம் போனபிறகு அவன் மெதுவாகச் சொன்னான். "அப்பா, அந்தாள் கேட்டது ரெண்டே ரெண்டு கேள்வி. கார் ஆரின்ர, எவ்வளவு காலமா ஓடுறா. அவ்வளவுதான்."

"அப்ப மிச்சக் கேள்வி?"

அவன் யன்னலால் பார்த்தான். தோள் குலுங்கியது.

"உன்ர டொச்சு பள்ளிக்கூடத்து டொச்சு. கந்தோர் ஆக்கள் கதைக்கிறது உனக்கு விளங்காது" என்றேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அவ்வளவு கேள்வியை ஒரு பிள்ளை அந்த இடத்தில் தானாக உண்டாக்க ஏலுமோ? அதுவும் அந்தப் பிள்ளை?

போர்த்துக்கீசன் கேட்டான், கார் வந்திட்டுதோ என்று. வந்திட்டுது என்றேன். எங்கே என்றான். மருமகள் வேலைக்குக் கொண்டு போயிட்டாள் என்றேன். அடுத்த நாளும் கேட்டான். அதே பதில். மூன்றாம் நாள் கேட்கவில்லை, என் பஸ் பாஸைப் பார்த்துவிட்டான்.

அவளைக் குறை சொல்லமாட்டேன். தனக்கென்று ஓடுகிற பிள்ளை இல்லை. மாமியை வைத்தியரிடம் கொண்டுபோவாள், கோயிலுக்குக் கொண்டுபோவாள். கேட்டால் எனக்கும் திறப்புத் தருவாள். எனக்குக் கேட்கத்தான் வாய் வருவதில்லை. சொந்தக் காரை எப்படிக் கேட்பது?

அந்த ஒரு வருசம் முடிந்தது. பேர் மாற்றுகிற விஷயத்தை எப்படி எடுப்பது என்று யோசித்துவிட்டு, ஒருநாள் சாப்பிடும்போது பொதுவாகத் தொடங்கினேன். "இண்டைக்கும் மழைதான், என்ன?"

"ஓம் மாமா" என்றாள். "எங்கையும் போகவேணும் எண்டால் சொல்லுங்கோ, கொண்டுபோய் விடுறன்."

மலர் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தா. எதற்கென்று நான் கேட்கவில்லை.

ஆனால் ஒரு நன்மை நடந்தது. பேச்சில் ஒரு புது இடம் சேர்த்திருக்கிறேன். "நான் சீதனம் வாங்காதது பெரிய காரியமில்லை. என் மருமகளுக்கு ஒரு பென்ஸ் கார் கொடுத்தேன்" என்பேன். சனம் எழும்பித் தட்டுகிற இடம் அதுதான். இன்றைக்குப் பேர்ணிலும் அந்த இடத்தில்தான் தட்டினார்கள். பொய் என்று ஒருவரும் சொல்ல ஏலாது. மைக்கில் கொடுத்தது. வீடியோ இருக்கு, அதுவும் இரண்டுதரம்.

சரி, உங்கள் கதைக்கு வருவம். கலியாணம் பேசியிருக்கோ, தம்பி? ஓமோ. பொம்பிளை எங்கே? ஜேர்மனி. அப்போ இந்தப் படங்கள் ஆர் அனுப்பினது? மாமனாரோ. நீங்கள் கேட்டனீங்களோ? கேட்கவில்லை. சும்மா கதைக்கேக்கை சொன்னது. அதுதானே, கேட்கிற ஆளாகத் தெரியவில்லை. என்னைப்போலத்தான் இருக்கிறீங்கள்.

நான் ஒரேயொரு புத்தி சொல்கிறேன், இவ்வளவு பட்டதில் நான் கண்டறிந்தது. மேடையில் மைக்கைத் தந்தால் வாங்காதையுங்கோ.

லொசான் வந்திட்டுது. பையை எடுங்கோ. இந்தப் பக்கத்தால் வாங்கோ, படிக்கட்டு கிட்ட. என்னை ஏற்ற வருவார்கள். மருமகள் வாறன் எண்டவள். மலரும் வருவா, எங்கே கார் போனாலும் இப்போது இவவும் போறா. முழங்கால் வருத்தம் எங்கே போனதோ தெரியாது.

எங்கே இறங்கவேணும் உங்களுக்கு? பஸ்ஸில் ஏன் மினக்கெடுறீங்கள், வழியில் இறக்கிவிடலாம். அந்தா நிக்குது. சாம்பல் நிறம். பார்த்தீங்களே, ஊத்தை தெரியுதோ?

பொறுங்கோ. ஓட்டுகிற இடத்தில் இருக்கிறது ஆர்? ஆரணி இந்தப் பக்கம் இருக்கிறாள். அப்போ அந்தப் பக்கம்… ஓம், இவதான். லைசென்சுக்குச் சோதனை எழுதிப் பாஸ் பண்ணினது தெரியும். ஓட்டிப் பழகத் தொடங்கினதை எனக்குச் சொல்லவில்லை. பின்னுக்கு நீலத் தட்டில் வெள்ளை 'எல்' போட்டிருக்கு, பாருங்கோ. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னுக்குப் பார்க்கிறா. வீடு வித்த அன்றைக்கும் இப்படித்தான் நேரே பார்த்துக்கொண்டிருந்தவ. இன்றைக்கு முகம் வேறை.

கையை எடுங்கோ தம்பி, கதவைத் திறவாதையுங்கோ. எங்கட கார்தான், அதில் ஒரு பிரச்சினையும் இல்லை. பின்னுக்கு இடமும் இருக்கு. ஒருக்காக் கேட்டுப்போட்டு ஏறுவம்.